நைனா என்றால் அப்பன்

லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஹேமந்த் லேப்டாப்பை விரித்து வைத்தான். பெங்களூரில் வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் வேலை. போன வருடம் வந்து, என் அக்கா வேலம்மாவின் பேச்சை இரண்டு நாள் ரெக்கார்டு பிடித்துக்கொண்டு போனவன். கைநாட்டு வாங்கும் காகிதத்தோடு வருகிற எவனையும் நான் நம்பியதில்லை.

அக்கா நம்பினாள். ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எங்கள் அப்பன், குடும்பத்தோடு காட்டு வழியே ஊருக்கு நடந்தான். நான் அம்மா வயிற்றில். வழியில் காலரா கண்டு மரத்தடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கூட்டம் தள்ளிக்கொண்டு போக, அக்கா திரும்பித் திரும்பி "நைனா, நைனா" என்று கூப்பிட்டிருக்கிறாள். தொண்ணூற்றிரண்டு வயதில் ஹேமந்துக்கு அப்படியே கூப்பிட்டுக் காட்டினாள். தை மாதம் செத்துப்போனாள். அப்பனுக்குப் படமில்லை, புதைத்த குழியில்லை. அந்தக் கூப்பாடு ஒன்றுதான் மிச்சம்.

ஹேமந்த் விளையாட்டை ஓடவிட்டான். துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் காட்டில் ஓடினான். வழியெல்லாம் எங்கள் சனம் மூட்டை மாதிரி கிடந்தது. தாண்டித் தாண்டிப் போனான். என் அக்காவின் குரல் "நைனா" என்றது. புதருக்குள்ளிருந்து பாவாடை கட்டிய ஒரு பெண் குழந்தை ஓடி வந்தது. சிப்பாய் தூக்கிக்கொண்டான். திரையில் நட்சத்திரம் கொட்டியது.

"யார்ரா அந்தப் பொண்ணு?"

"நைனா, ஐயா. பாட்டி தேடுன பொண்ணு."

"நைனான்னா அப்பன்டா. இந்தக் குப்பத்துல எந்தக் கொழந்தைய கேட்டாலும் சொல்லும்."

அவன் முகம் செத்துவிட்டது. கதை எழுதியவர்கள் வடக்கத்திக்காரர்கள், அங்கே அது பெண்பிள்ளைப் பெயர் என்றான். லட்சம் பேர் ஆடிவிட்டார்கள் என்றான். பாட்டி இருந்தால் கேட்டுக்கொள்ளலாம், நீங்கள் அப்போது பிறக்கவேயில்லையே என்றும் சொன்னான். அடித்திருப்பேன். கையை அடக்கிக்கொண்டேன்.

"பொறக்காத எனக்கே தெரியுது. கேட்டுகினு போன உனக்கு இன்னா கேடு?"

அந்தப் பெண்ணை எடுத்துவிடச் சொன்னேன். அப்பனை வைக்கவும் வேண்டாம். அவன் முகம் இனி எவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அக்கா கூப்பிட்டால் யாரும் வரக்கூடாது. அன்றைக்கு யாரும் வரவில்லை.

"யாரும் வரலன்னா கேம் நகராது, ஐயா. அங்கயே நின்னுடும்."

"நிக்கட்டும்."

அதெல்லாம் ஆபீசில்தான் செய்ய முடியும் என்று சொல்லி லேப்டாப்பை மூடினான். அப்படியானால் நீ வந்த காரிலேயே நானும் ஆபீசுக்கு வருகிறேன் என்று சட்டையை எடுத்து மாட்டினேன்.