பாலத்தில் நிற்கக் கூடாது

பாரமேற்றிய லொறியை ஓட்டுகிறவனை விட, அதன் பக்கத்தில் நடக்கிறவனுக்குத்தான் கால் உளைவு அதிகம். அந்த நடக்கிறவன் நான், அல்பிரட். பாலம் வந்தால் பாயிஸ் ஸ்டியரிங்கைப் பிடிப்பான். நான் இறங்கி, சக்கர அச்சுகள் ஒழுங்காக உருள்கின்றனவா என்று பார்த்தபடி கூடவே நடப்பேன். இதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு.

அன்று துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய டிரான்ஸ்போமரைச் சம்பூருக்குக் கொண்டுபோக வேண்டும். விடியலில் லொறி வெளிக்கிட்ட பிறகுதான் போன் வந்தது. பாயிஸின் தாய் ஆமினா உம்மா ஆஸ்பத்திரியில் மௌத்தாகிவிட்டார். டவுனிலேயே குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, பின்னேரத்து அசர் தொழுகையோடு கிண்ணியாவில் அடக்கம் என்று தம்பி அஷ்பாக் சொன்னான். வேறு டிரைவரைப் போட வழியில்லை; பெர்மிட்டில் பாயிஸின் பெயர்தான் இருந்தது. ரோட்டை அடைத்தபடி லொறியை விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

"மத்தியானத்துக்குள்ள பாலத்தத் தாண்டிருவன், மச்சான். உம்மா வாரத்துக்கு முந்தி நான் பள்ளிவாசல்ல நிப்பன்," என்றான் பாயிஸ். அவன் குரல் அவனுடையதாகவே இல்லை.

கிண்ணியாப் பாலத்தடியில் என்ஜினியர் சுகிர்தன் ஒவ்வொரு அச்சுக்கும் கீழே நிறை பார்க்கும் தட்டை வைத்தார். பின் அச்சு ஒன்றில் அளவுக்கு மிஞ்சிய பாரம்.

"இப்பிடியே ஏற விடேலாது," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தட்டைக் கடலில் வீசியிருப்பேன். ஆனால் பாலத்துக்கு ஏதும் நடந்தால் முதலில் விழுகிறவன் நான்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். ஜக் வைத்துத் தூக்கி, டிரான்ஸ்போமரைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தி, திரும்பச் சங்கிலி போட்டு முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது. பாயிஸ் சாப்பிடவும் இல்லை, உட்காரவும் இல்லை.

பொலிஸ் இரு பக்கமும் ரோட்டை மறித்தது. சுகிர்தன் பெர்மிட்டை வாசித்தார். பாலத்தின் நடுவால் ஊர்ந்து போக வேண்டும். வேறு வாகனம் ஏறக் கூடாது. என்ன நடந்தாலும் நிற்கக் கூடாது. இவ்வளவு பாரத்தோடு பிரேக் பிடித்தால் அந்த உதறல் பாலத்துக்கு ஆகாதாம்.

உம்மாவின் உடலைக் கொண்டுவரும் ஜனாஸா வான் வர இன்னும் சுணங்கும் என்று அஷ்பாக் சொல்லியிருந்தான். அதை நம்பித்தான் பாயிஸ் ஏறினான். கால்வாசித் தூரம்கூடப் போயிருக்க மாட்டோம், வான் வந்து பாலத்தடியில் நின்றது.

பொலிஸ்காரர் கையைக் காட்டி மறித்தார். சுகிர்தன் ஓடிப்போய்க் கதைத்தார். வானை விட முடியாது, நடந்து வருகிறவர்களை விடலாம் என்று முடிவானது. சொந்தக்காரர்கள் உம்மாவை வைத்த சந்தூக்குப் பெட்டியை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார்கள். ஜனாஸாவை ஆறுதலாக, மெல்ல மெல்லத் தூக்கிப் போகிற வழக்கமில்லை. சீக்கிரமாகவே எங்களை எட்டிவிட்டார்கள்.

பாயிஸின் ஜன்னலுக்கு நேரே வந்ததும் அஷ்பாக் நடையைத் தளர்த்தி அண்ணனைக் கூப்பிட்டான்.

"காக்கா, நீங்க வாரமட்டும் அடக்காம வெச்சிருப்பம்."

பாயிஸ் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாணாம். ஊருக்குக் கூட்டிப் போங்க எண்டு எத்தின நாளாக் கேட்டவ. இன்னும் காக்க வைக்காதீங்க." பிறகு என்னைக் கூப்பிட்டான். "அல்பிரட், எனக்காக ஒருக்காத் தோள் குடு மச்சான்."

நான் வேதக்காரன், கழுத்தில் செபமாலை கிடந்தது. தயங்கினேன். அஷ்பாக் சந்தூக்கின் அடியில் தன் இடத்தை எனக்கு விட்டு விலகினான்.

"அச்சை நான் பாக்கிறன், நீங்கள் போங்கோ," என்றார் சுகிர்தன். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

தோள் கொடுத்தேன். லொறியை முந்திக்கொண்டு போனோம். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் திரும்பிப் பார்த்துவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் பாயிஸ் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான். லொறி மட்டும் கோடு விலகாமல் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் தூரம் கூடிக்கொண்டே போனது. பெற்றவளின் பின்னால் ஒரு மகன் அப்படிப் பிந்தி வருவதை என்னால் தாங்க முடியவில்லை.

அக்கரையில் பள்ளி ஆட்கள் சந்தூக்கை ஏந்திக்கொண்டார்கள். பாயிஸ் லொறியை இறக்கி ஓரங்கட்டி, யாருடைய மோட்டார் சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு மையவாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது தொழுகையும் முடிந்து, மண்ணும் போட்டாகிவிட்டது.

பொழுதுபடத் திரும்பி வந்து லொறிப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அல்பிரட், உம்மா பாரமா இருந்தாவா?"

ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் நோய் அவரை உருக்கிவிட்டிருந்தது. என் தோளில் தெரிந்தது பலகையின் பாரம் மட்டும்தான். உள்ளே ஒரு ஆள் இருப்பதாகவே தெரியவில்லை.

"ஓம் மச்சான். நல்ல பாரம். தோள் இன்னும் நோகுது," என்றேன்.

அவன் கையை நீட்டி என் தோளைத் தடவிக்கொண்டே இருந்தான்.