மச்சாளின் கன்னம்

பள்ளிக்கூட முகாமில் மதியச் சாப்பாட்டுக்கான வரிசை வேப்பமரம் வரை நீண்டிருந்தது. எல்லோரும் வாகரைப் பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்கள். சுனாமி அவர்களுடைய வீடுகளைக் கொண்டுபோனது. அடுத்த இரண்டு வருடங்களில் போரின் ஷெல்லடி அவர்களை ஊரை விட்டே துரத்தியது. பட்டினியில் மற்ற முகங்களெல்லாம் ஒட்டிப்போயிருக்க, மேனுகாவின் முகம் மட்டும் நாளுக்கு நாள் உருண்டு வந்தது.

“நிவாரணமெல்லாம் எங்க போகுதெண்டு பாத்தா, எங்கட மச்சாள்ட கன்னத்துக்குள்ளதான் இரிக்கு!” என்றாள் சீதேவிப்பிள்ளை. மேனுகா அவளுடைய தம்பி திவாகரனின் மனைவி.

“ஒளிச்சுவெச்சுத் தின்னுறாபோல!” என்றாள் பின்னால் நின்ற கண்ணகை. வரிசை சிரித்தது. மேனுகாவும் சிரிக்கப் பார்த்தாள். பிறகு தன் சோற்றில் பாதியைச் சீதேவிப்பிள்ளையின் கோப்பையில் தள்ளிவிட்டாள். சீதேவிப்பிள்ளை அதையும் சாப்பிட்டாள்.

சிறுநீரக நோய்க்காக மேனுகா மாதக்கணக்கில் ப்ரெட்னிசலோன் குளிசை போட்டுவந்தாள். முகம் ஊதியது அதனால்தான். சீதேவிப்பிள்ளைக்கு அது தெரியும். தெரிந்தும் சொன்னாள். பசியில் யார்மீதாவது கோபப்பட வேண்டியிருந்தது.

சில நாட்கள் கழித்து மேனுகா அவள் காதருகே வந்தாள். “மச்சாள், குளிசைய நிப்பாட்டிட்டன். இனி முகம் வத்திரும். அவருக்குச் சொல்லிராதீங்க, ஏசுவார்.”

“நல்லதுகா. முகம் ஊதிப்போற மருந்து என்னத்துக்கு?”

அந்த வாரமே மேனுகா எழும்ப மாட்டாமல் பாயில் கிடந்தாள். சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. ஒரு நாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார். “ஏதும் மருந்து எடுக்கிறவவா?”

“ப்ரெட்னிசலோன், டொக்டர். ஒழுங்காப் போடுறவ,” என்றான் திவாகரன்.

சீதேவிப்பிள்ளை கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தால் வரிசையும் சிரிப்பும் சேர்ந்தே வெளியே வரும். தம்பி இனித் தன் முகத்தில் முழிக்க மாட்டான். மேனுகாவின் காலைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

“இல்ல டொக்டர். நிப்பாட்டிட்டா. நான் நக்கலடிச்சதாலதான் அவ நிப்பாட்டினவ. எனக்குத் தெரியும். சொல்லாம இரிந்திட்டன்.”

திவாகரன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மேனுகாவின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

ஊசியும் சேலைனும் ஏறி, மேனுகாவின் உடம்பில் சூடு வந்தபிறகு டொக்டர் சொன்னார்: “இந்தக் குளிசையக் கனநாள் போட்டா, உடம்பு அதுமாதிரி ஹோர்மோனத் தானாச் சுரக்கிறதக் குறைச்சிரும். திடீரெண்டு நிப்பாட்டினா உயிருக்கே ஆபத்து. முகம் ஊதினா எங்களிட்ட வாங்க. நாங்க பாத்துக் கொஞ்சங் கொஞ்சமாக் குறைப்பம். நீங்களாக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.”

மேனுகா கண் திறந்தாள். சீதேவிப்பிள்ளையைக் கண்டதும் அவள் கை தன் கன்னத்துக்குப் போனது.

“மச்சாள், கொஞ்சமாவது வத்தியிருக்கா?”

சீதேவிப்பிள்ளை அந்தக் கையைக் கன்னத்திலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் முகாம் வரிசையில் நின்றாள். “எங்ககா உன்ட பூசணிக்காய்?” என்று கண்ணகை சிரித்தாள்.

சீதேவிப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “அவட முகம் ஊதினது குளிசையால. அவ உசிரோட இரிக்கிறதும் அந்தக் குளிசையாலதான். டொக்டர் நிப்பாட்டச் சொல்லாத மருந்த எங்கட சிரிப்பு நிப்பாட்டிப்போட்டுது. மருந்தக் குறைக்கிறதும் விடுறதும் டொக்டர் சொல்லித்தான் செய்யணும். எங்கட வாய்க்குப் பயந்து இல்ல. இனி ஆருக்கும் சிரிக்கணுமெண்டா, என்ட முகத்தப் பாத்துச் சிரிங்க.”