வாலில் இருந்த செய்தி

நிஜப் பிரமிடை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பெயர் அடிபடாத நாளில்லை. வீட்டின் முன்னறைதான் என் பழக்கடை. வாசலில் ஆரஞ்சைப் பிரமிடாகத்தான் அடுக்குவேன். என் நாத்தனார் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறார். எடையை ஏற்றிக்கொண்டே போய் அப்படியே இறக்கிக்கொண்டு வந்தால் அங்கே அதற்குப் பிரமிடு என்று பெயர். ஆள்சேர்த்து சோப்பு விற்கும் எதிர்வீட்டுக்காரரின் வியாபாரத்துக்கும் அதே பெயர்தான் என்று என் கணவர் சொன்ன நாளிலிருந்து, அவர் தலை தெரிந்தாலே நாங்கள் உள்ளே போய்விடுவோம்.

கணவர் பத்திரிகை நிருபர். அவருடையது தலைகீழ்ப் பிரமிடு. முக்கியமானது முதல் வரியில், அடுத்தது அடுத்த வரியில், ஒன்றுக்கும் உதவாதது வாலில். பக்கத்தில் இடம் போதாவிட்டால் வாலை வெட்டிக்கொள்ளலாம், செய்திக்குச் சேதமில்லை. தொழிலுக்கு அது சரி. மனிதர் வீட்டிலும் அப்படித்தான் பேசுவார். என் சித்தி இறந்தபோது செருப்பைக்கூடக் கழற்றாமல், "உன் சித்தி செத்துட்டாங்க" என்றார். நான் அடுப்பிலிருந்து வெந்நீரை இறக்கிக்கொண்டிருந்தேன். அது காலில் கொட்டி வந்த கொப்புளம் ஆற ஒரு மாதமானது. "இனிமே எதுவானாலும் சுத்திவளைச்சு மெதுவா சொல்லுங்க. சத்தியம் பண்ணுங்க" என்றேன். பண்ணினார்.

பிறகுதான் என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாயின. எங்களைப் பெற்றவர்கள் இல்லை. என்னுடையது பொருந்தவில்லை. எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. அப்போது நாத்தனார், "என்னோடதப் பாருங்களேன்" என்றார், கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கொடுப்பதுபோல. பொருந்தியது. அவருக்கு என் தம்பி யார்? தம்பி பெண்டாட்டியின் தம்பி. அந்த உறவைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

"பயமா இல்லையா அண்ணி?" என்று கேட்டேன்.

"பயமா? எனக்கா? டாக்டர் படம் வரைஞ்சு காட்டினார்டி. கிட்னிக்குள்ள பத்துப் பன்னெண்டு பிரமிடு இருக்காம். உன் கடைல இருக்கறதே ஒண்ணு. என்கிட்ட ரெண்டு மூட்டை இருக்கு, ஒண்ணத் தரேன், போ" என்று சிரித்தார்.

அறுவை சிகிச்சை அன்று கூட ஒருவர்தான் இருக்கலாம் என்றது மருத்துவமனை. "என் தம்பி வரட்டும். நீ போய்க் கடையத் திற" என்று நாத்தனார் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. கூடப்பிறந்தவள் நான் இருக்க வேண்டாமா? ஆனால் இவ்வளவு பெரிய உதவி செய்பவரிடம் மல்லுக்கு நிற்க முடியுமா? கடையைத் திறந்தேன். ஆரஞ்சை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன்.

பிற்பகலில் கைபேசி அடித்தது. கணவர்தான்.

"இங்க வண்டி நிறுத்த இடமே கிடைக்கல."

"சரி."

"லிஃப்டும் வேலை செய்யல. படியேறித்தான் போனேன். காபி மெஷின் வேற காச முழுங்கிடுச்சு."

இத்தனை வருடக் குடித்தனத்தில் இந்த மனிதர் காபியில் பேச்சை ஆரம்பித்ததே இல்லை. முக்கியமானதைச் சொல்ல நாக்கு எழவில்லையா? போனது யார்? தம்பியா, அண்ணியா? ஆதரவுக்கு எதையோ பற்றினேன். அது அடிவரிசைப் பழம். மொத்தமும் சரிந்து தெருவெல்லாம் உருண்டது. எதிர்வீட்டு சோப்புக்காரர் ஓடிவந்து குனிந்து குனிந்து பொறுக்கினார்.

"யாருக்கு என்னங்க ஆச்சு? சொல்லித் தொலைங்களேன்!"

"நீதானே சுத்திவளைச்சு சொல்லச் சொன்னே? சத்தியம் வாங்கினியே!"

"சத்தியமும் வேணாம், ஒண்ணும் வேணாம். உங்க வழக்கப்படியே சொல்லுங்க!"

"உன் தம்பி நல்லா இருக்கான். அக்கா நல்லா இருக்கா. கிட்னி வேலை செய்யுது, மூத்திரம் வந்துடுச்சு."

மூத்திரம் என்ற சொல்லைக் கேட்டுத் தெருவில் நின்று ஆனந்தக் கண்ணீர் விட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். சோப்புக்காரரிடமும் சொன்னேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதரைக் கண்டா ஓடி ஒளிந்தோம்!

"வேற?" என்றேன்.

"வேற ஒண்ணுமில்ல. மிச்சத்த வெட்டிடலாம்."

"வெட்டாம சொல்லுங்க."

"உள்ள கூட்டிட்டுப் போறப்ப அக்கா என் கையப் புடிச்சுக்கிட்டா. அவ கை நடுங்குச்சு. அவ பயந்து நான் பாத்ததே இல்ல. 'இத உன் பொண்டாட்டி பாக்கக் கூடாதுன்னுதான்டா அவள வரவேணாம்னேன். நான் பயந்தது தெரிஞ்சா, தம்பி பொழச்ச சந்தோஷத்த அவ முழுசா அனுபவிக்க மாட்டா'ன்னா. உன்கிட்ட சொல்ல வேணாம்னும் சொன்னா."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். இதைப் போய் வாலில் வைத்திருந்தார் மனிதர். அவர் தொழிலில் அது வெட்டிப் போடும் இடம். அடிவரிசையை நம்பிப் பிழைப்பவள் நான்.

பார்க்க அனுமதித்ததும் ஓடினேன். தம்பியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று கண்ணாரப் பார்த்துவிட்டு நாத்தனாரிடம் போனேன். குரல் கம்மியிருந்தாலும் வாய் குறையவில்லை.

"பாத்தியாடி, எனக்குக் கொஞ்சம்கூடப் பயமே இல்ல."

"தெரியும் அண்ணி" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். நேரமாகிவிட்டது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை விடவே இல்லை.