ரிப்பன் அக்காவோடு சண்டை

என் முதுகில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சிவப்பு ரிப்பன் படம் இருக்கிறது. சுகாதார அலுவலகம் கொடுத்த மேல்கோட்டில் அச்சடித்தது. தூரத்திலிருந்தே மக்கள் உன்னை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்றார் எங்கள் மேலதிகாரி அம்மா. கண்டுகொண்டார்கள். தூரத்திலேயே கண்டு, தூரமாகவே போனார்கள்.

இந்த நகரத்தில் எங்கள் மொழி பேசுகிறவர்கள் குளிர்பதனக் கிடங்குக்குப் பின்னால் மூன்று தெருக்களில் அடங்கிவிடுவோம். ஆண்களில் பாதிப் பேர் லாரியில், பெண்களில் பாதிப் பேர் தையல் ஆலையில். சிறுபான்மையினரிடையே எச்.ஐ.வி. தடுப்பு என்று திட்டம் வந்தபோது, எங்களில் ஒருத்தியே சொன்னால்தான் எங்கள் காதில் ஏறும் என்று என்னை வேலைக்கு எடுத்தார்கள். நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்களில் ஒருத்தி என்றால் ஒரு வீட்டுக்கு அத்தை, ஒரு வீட்டுக்குச் சித்தி, ஒரு வீட்டுக்குச் சம்பந்தி என்று அர்த்தம். சம்பந்தியிடம் போய் எவனாவது ஆணுறை கேட்பானா? இதை அலுவலகத்தில் யாரும் யோசிக்கவில்லை.

ரிப்பன் அக்கா என்று பெயர் விழுந்தது. நான் எந்த வாசலில் நிற்கிறேனோ அந்த வீட்டுக்கு அன்றைக்கே வியாதி வந்துவிடும், ஊர் வாயில். சலவைக்கடைக்காரியின் மகளிடம் பேருந்து நிறுத்தத்தில் மணி கேட்டுத் தொலைத்தேன். பேசி முடித்திருந்த கல்யாணம் அந்த வாரமே நின்றுபோனது. "மணி கேக்க உனக்கு வேற ஆளே கிடைக்கலையாடி" என்று சலவைக்கடைக்காரி என் முகத்தைப் பார்த்து அழுதாள். மறுநாளே ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வழி காட்டியவன் வெல்டர். ஒரு சாயங்காலம் அவன் பட்டறை முன்னால் என் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தேன். வெளியே வந்து கத்தினான்.

"இதென்ன உங்கப்பன் வீட்டு இடமா? எடு வண்டியை."

எனக்கா வாய் இல்லை? நானும் நாலு கொடுத்தேன். தெருவே ஜன்னலுக்கு வந்துவிட்டது. வண்டியைத் தள்ளுகிற சாக்கில் கிட்டே வந்தவன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அந்த டெஸ்ட் டப்பா ஒண்ணு கிடைக்குமா?"

வாய்க்குள் ஒரு குச்சியைத் தேய்த்து வீட்டிலேயே பார்த்துக்கொள்கிற சோதனை டப்பா அது. பை நிறைய வைத்துக்கொண்டு அலைகிறேன், கேட்க ஒரு நாதியில்லை. சட்டென்று ஒன்றை எடுத்துப் பழைய செய்தித்தாளில் சுருட்டி, "இந்தா, உன் வாசல் குப்பையை நீயே வச்சுக்கோ" என்று அவன் மேல் வீசினேன். லாகவமாகப் பிடித்துக்கொண்டான். போகிற போக்கில் என் குலம் கோத்திரத்தையும் இழுத்து இரண்டு வைதுவிட்டுத்தான் உள்ளே போனான்.

ரிப்பனைத் திட்டுகிறவன் யோக்கியன் என்று தெருவுக்கு ஒரு எண்ணம். வெல்டர் யார் காதில் ஓதினானோ, அப்புறம் பாருங்கள் கூத்தை. நான் தண்ணீர் பிடித்தால் சண்டை, துணி காயப்போட்டால் சண்டை, தும்மினால் சண்டை. ஆணுறைக்குச் சின்னச் சண்டை, டப்பாவுக்குப் பெரிய சண்டை. அந்த வழி தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். டப்பாவில் ஒரு கோடு மட்டும் என்றால் வியாதி இல்லை, அதோடு சரி. இரண்டு கோடு விழுந்துவிட்டால் மறுநாளே வந்து தொண்டை உடையக் கத்துவார்கள். நானும் கத்திக்கொண்டே அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுவேன். அங்கே மறுபடி ரத்தம் பார்த்து, மாத்திரையை விடாமல் போட்டால் எல்லோரையும் போல் வாழலாம் என்று டாக்டர் சொல்லும்போதுதான் அந்தக் கத்தல் அடங்கும்.

அலுவலகத்துக்குச் செய்தி போனது. சமூகத்தோடு என் உறவு மிகவும் கவலை அளிப்பதாக மேலதிகாரி அம்மா வருத்தப்பட்டார். டப்பாக்கள் தீர்ந்துவிட்டன, இன்னும் வேண்டும் என்றேன். அது வேறு விஷயம் என்றார். அமைதியாகப் பேசுவதற்கு ஒரு பயிற்சி வகுப்பு இருந்தது, அதற்கு என்னை அனுப்பினார். கண்ணை மூடி மெதுவாக மூச்சு விடச் சொன்னார்கள். விட்டேன்.

வகுப்பு முடிந்து வந்த அன்றைக்கு என் தங்கையின் புருஷன் என் வாசலில் நின்று கத்தினான்.

லாரி ஓட்டுகிறவன். என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காத பிள்ளை, அன்றைக்கு என்னைக் குடும்பத்தைக் கெடுக்க வந்தவள் என்றான். குப்பையை வீசினேன். மறுநாள் காலையில் மறுபடி வந்து கத்தினான், பாதியில் குரல் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவகிட்ட நானே சொல்லிடறேன் அக்கா, நீங்க சொல்லிடாதீங்க" என்றான். என் தங்கைக்கு அப்போது வயிற்றில் மாசம் ஏறிக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் சொல்லுங்க தம்பி. அவளும் பாத்தாகணும். அவளுக்கு இருந்தா இப்பவே மாத்திரை ஆரம்பிக்கணும், அப்பத்தான் பிள்ளையைக் காப்பாத்தலாம்."

தலையை ஆட்டினான். மாத்திரை வாங்கிக்கொண்டான், லாரி ஏறினான், போயே போய்விட்டான். போகும்போது பெண்டாட்டியிடம் அவன் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: உங்க அக்கா வீட்டுப் படி மிதிக்காதே. சண்டை நிஜம் என்று அவளும் நம்பிவிட்டாள். ஊருக்காகப் போட்ட சண்டை என் வீட்டில் நிஜமாகிவிட்டது.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற ரத்தத்தில் இந்தச் சோதனையும் உண்டு. எங்கள் பெண்கள் அது ஒன்றை மட்டும் வேண்டாம் என்றுவிடுவார்கள். என் தங்கையும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். "ரிப்பன் அக்காவோட தங்கச்சியே எடுத்துக்கிட்டாளேன்னு பேசுவாங்கக்கா" என்று இந்தச் சண்டைக்கு முன்னாலேயே என்னிடம் சொன்னாள். அவளிடம் நான் எதைச் சொல்ல? வாயைத் திறந்தால் அவனுக்குத் துரோகம், மூடினால் அவளுக்கு. என் வாழ்க்கையிலேயே எனக்கு வாய் இருந்தும் ஊமையாய்ப் போனது அந்த நாட்களில்தான். அவனுக்குப் போன் மேல் போன் போட்டேன், எடுக்கவில்லை. பாவி.

கடைசியில் நானே சண்டை தேடிப் போனேன். ஆலை விடுகிற நேரம். தெரு நிறைய ஆட்கள். அவள் வாசலில் நின்று தொண்டையைத் திறந்தேன்.

"ஏண்டி, என் இஸ்திரிப் பெட்டியை வாங்கிட்டு வந்தியே, திருப்பிக் குடுக்கணும்னு அறிவு வேணாம்?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். இஸ்திரிப் பெட்டியைத் துடைத்து எடுத்துவந்து நீட்டினாள்.

"நானே கொண்டாந்து குடுக்கலாம்னுதான் இருந்தேன்க்கா. அவர் போகக் கூடாதுன்னுட்டாரு."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இவளுக்குச் சண்டை போடவும் தெரியாது, அதை எதற்குப் போடுகிறார்கள் என்றும் தெரியாது. வேறு வழியில்லாமல், "இந்தா உன் குப்பை" என்று வீசினேன். அவள் பிடிக்கவில்லை. படியில் விழுந்து தாள் பிரிந்தது. டப்பா வெளியே வந்து மல்லாந்து கிடந்தது, மூடியில் ரிப்பனோடு.

தெரு அப்படியே நின்றது. அத்தனை கண்ணுக்கும் அது என்ன டப்பா என்று தெரியும், அத்தனை பேர் வீட்டிலும் அது ஒளிந்திருக்கிறது. இவள் மானத்தை நானே கப்பலேற்றிவிட்டேனே என்றிருந்தது.

அப்போது எதிர்ப்பக்கத்தில் வெல்டர் கத்தினான். "சலவைத் தண்ணியை என் பட்டறைப் பக்கம் விடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"தெரு என்ன உன் பேர்ல எழுதியிருக்கா?" என்று சலவைக்கடைக்காரி கிளம்பினாள். பெண்ணுக்கு என்னால் நின்ற கல்யாணம் இன்னும் கூடிவராத சலவைக்கடைக்காரி. அவளைத் தொட்டு இன்னொருத்தி, அவளைத் தொட்டு அவள் கொழுந்தன். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

என் தங்கை குனிய முடியாமல் குனிந்து டப்பாவை எடுத்தாள். மூடியில் இருந்த ரிப்பனை விரலால் தொட்டாள்.

"அவரும் உன்கூடச் சண்டை போட்டாரேக்கா. அவருக்கும் இது குடுத்தியா?"

"சொல்ல மாட்டேன்."

"நான் உன் தங்கச்சி."

"யாரா இருந்தாலும் சொல்ல மாட்டேன். குடுத்திருந்தாலும் சொல்ல மாட்டேன், குடுக்கலைன்னாலும் சொல்ல மாட்டேன்."

அவள் கண் நிறைந்துவிட்டது. இந்த வேலையே எனக்கு வேண்டாம் என்று அந்த நிமிஷம் மனதாரத் தோன்றியது.

"அப்ப என்னைப் பத்தியும் அவர்கிட்ட சொல்ல மாட்டே?"

"உன் வயித்துல இருக்கறதுகிட்டகூடச் சொல்ல மாட்டேன்டி."

டப்பாவை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "இதைத் தனியா பாக்க எனக்குத் தைரியம் இல்ல. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கே வர்றேன். நீ கூட வா." வாசல்படி ஏறியவள் திரும்பினாள். "வழியெல்லாம் திட்டிக்கிட்டே வாக்கா. எனக்குத் திருப்பித் திட்ட வராது. என் பங்கையும் நீயே சேத்துத் திட்டிடு."

மறுநாள் மூன்று தெருவும் கேட்கத் திட்டினேன். நடக்கத் துப்பில்லை என்றேன், சோம்பேறி என்றேன், என் உயிரை எடுக்கப் பிறந்தவள் என்றேன். அவள் என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை, நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. நர்ஸ் அவள் கையில் ஊசி குத்தும்வரை திட்டிக்கொண்டே இருந்தேன்.