முடிதிருத்தும் கடையில் அலுவலகம்

அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கப்போகிறேன் என்று அவள் சொன்னதும் அண்ணன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். 'ஊர்சுத்தி' என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பழைய பட்டப்பெயர். அவள் மட்டும் சுற்றியிருந்தால் பேசாமல் இருந்திருப்பான்.

"வயசானவரை எதுக்கு இழுத்துக்கிட்டு அலையறே?"

பதில் சொன்னது அப்பாதான். "வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து ஒரே ரூட்ல பஸ் ஓட்டினவன்டா நான். அந்த ரோட்டுல இருந்த குழியெல்லாம் எனக்கு மனப்பாடம். வேற ரோடு பாக்க எனக்கும் ஆசை இருக்காதா?"

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே அப்பாவின் பெட்டியை இறக்கி வைத்தான்.

மருத்துவமனைகளின் முன்பதிவு இணையதளங்களைப் பராமரிப்பது அவள் வேலை. மடிக்கணினியும் இணையமும் இருந்தால் எந்த மேசையும் அவள் மேசைதான். மாதம் ஓர் ஊர், ஒரு வாடகை அறை. அவள் வேலையில் மூழ்கியிருக்கும் நேரத்தில் அப்பா தெருவையே சிநேகம் பிடித்துவிடுவார்.

அன்று காலை ஒரு கண் மருத்துவமனையின் தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி திறப்பதற்குள் முடித்தாக வேண்டும். பாதி வேலையில் இருக்கும்போது வெளியே சாலை தோண்டும் இயந்திரம் 'டமார்' என்றது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. கேபிள் போய்விட்டது. அறை கட்டடத்தின் பின்பக்கம் என்பதால் கைபேசியிலும் சிக்னல் இல்லை.

"கீழே சலூன்ல வேற கம்பெனி நெட் லைன். இப்பவும் பாட்டு ஓடுது, கேளு" என்றார் அப்பா.

மடிக்கணினியை மூடாமலே தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். அப்பாவும் பின்னாலேயே வந்தார். ஒரு தாடையில் சோப்பு நுரையோடு ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மூலையில் கடைப் பையன் இன்னொருவருக்கு முடிவெட்டிக்கொண்டிருந்தான். சலூன்காரர் பாட்டை நிறுத்திவிட்டுப் பக்கத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க மேடம். நாற்காலி சுத்தும், பாத்து."

கண்ணாடி முன்னால், சீப்புகளையும் பவுடர் டப்பாவையும் ஒதுக்கி இடம்பிடித்தாள். தெருப்பக்கம் வந்ததும் கைபேசிக்கு உயிர் வந்தது; மேலாளர் அழைத்தார்.

"என்னம்மா, லைன் கட்டாயிடுச்சு? பின்னாடி என்ன கத்திரிக்கோல் சத்தம்?"

"முடிவெட்டற கடையில இருக்கேன் சார். ரூம்ல கேபிள் போயிடுச்சு."

"பேசாம பழைய சர்வருக்கே திரும்பிடலாமா? ரிஸ்க் வேணாம்."

"வேணாம் சார். எது வந்திருக்கு, எது வரலைன்னு எனக்குத் தெரியும். விட்டுப்போனதை மட்டும் அனுப்பிடறேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

இணைப்பு அறுந்தபோது கடைசியாகப் போய்க்கொண்டிருந்த பதிவுகளைத் தேடிப் பிடித்து மறுபடி அனுப்பினாள். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டாள். ஒன்றும் விடுபடவில்லை. தளத்தைத் திறந்துவிட்டாள்.

"முதல் புக்கிங் வந்தாச்சு!" மேலாளரின் குரல் கடைக்கே கேட்டது.

"அப்ப நான் மீதியைச் சிரைச்சுக்கலாமா?" என்றார் நுரைக்காரர். அவ்வளவு நேரமும் அவர் மூச்சுவிடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கடை கொல்லென்று சிரித்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வீடியோவில் வந்தான். அப்பாவும் முடிவெட்டிக்கொள்ள, கழுத்தில் வெள்ளைத் துணியோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்க இருக்கீங்கப்பா?"

"ஆபீஸ்லடா. உன் தங்கச்சி ஒரு ஆஸ்பத்திரியையே இப்பதான் இடம் மாத்தினா."

நடந்ததையெல்லாம் அப்பா சொல்லச் சொல்ல, அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு தங்கையைக் கூப்பிடச் சொன்னான்.

"அப்பா முகத்துல ஒரு களை வந்திருக்கு" என்றான். கொஞ்சம் தயங்கி, "அடுத்த ஊர்ல எனக்கும் ஒரு கட்டில் கிடைக்குமா?"

"கிடைக்கும்ணா. ஆனா பெட்டி ஒண்ணுதான். அதுவும் நீயேதான் தூக்கணும்."

அடுத்த மாதம் அவன் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினான். அறை மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அப்பாவும் மகளும் மேலே நின்று, அவன் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருவதைச் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.