டிசைன் இலவசம்

வாலு என்று அவளுக்குப் பட்டப்பேர் வைத்தது அக்காதான். ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். அன்றைக்கோ அவள் டிசைன் போடுகிற அச்சுக்கடையின் நாற்காலியே முள்ளாய்க் குத்தியது. சாயங்காலம் நாலு மணிக்குப் பேங்குக்குப் போக வேண்டும். டிசைன் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. படிப்புக் கடனுக்கு ஜாமீன் அக்கா. வாலு படித்து முடிக்கும்வரை வட்டியை அக்கா சம்பளத்திலிருந்து பிடிப்பார்கள். அதாவது, இன்னும் நாலு வருஷத்துக்கு அக்கா வேலையை விட முடியாது.

அக்கா துணிக்கடையில் துணி விரித்துக் காட்டுகிறவள். காலையில் நிற்க ஆரம்பித்தால் கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். ஈ ஓட்டுகிற நேரத்தில்கூட உட்காரக் கூடாது என்பது அந்த முதலாளியின் சட்டம். ராத்திரி வரும்போது கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருக்கும். இந்த வருஷத்தோடு அந்த வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டிலேயே தையல் மெஷின் போடலாம் என்றிருந்தாள். அதற்குள் தங்கை இடம் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

அதே கல்லூரியில் படித்த ஒருத்தி போன வாரம் பிரிண்ட் எடுக்கக் கடைக்கு வந்திருந்தாள். வாலு வெட்கத்தை விட்டு அவளிடம் சம்பளத்தைக் கேட்டுவிட்டாள்.

"இப்ப நீ வாங்கறதுல ஒன்றரை மடங்கு இருக்கும். அதுல பாதி தவணைக்குப் போயிடும். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா ரெண்டு மூணு வருஷத்துல ஏறும்னு சொல்றாங்க."

"உங்களுக்கு ஏறிச்சா?"

"நான் இன்னும் பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

அன்றிலிருந்து வாலு கால்குலேட்டரை விடவில்லை. எப்படித் தட்டினாலும், தவணை போகக் கையில் நிற்பது படிக்காத இன்றைக்கு வாங்குவதைவிடக் குறைவு. கணக்குத் தப்பாக இருக்கும் என்று மறுபடி தட்டுவாள். கால்குலேட்டருக்கு என்ன, கேட்டதைத்தானே சொல்லும்!

மத்தியானம் அச்சுக்கடை முதலாளி சாப்பிடப் போயிருந்தபோது, புதிதாகக் கேக் கடை போடுகிறவர் வந்தார். அவருடைய போர்டுக்கு வாலு மூன்று நாளாக ஏழெட்டு மாதிரி போட்டிருந்தாள். அவர் ஒன்றைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"இதுதான்! என் கடையை நானே இப்பதான் பார்க்கறேன். சரி, டிசைனுக்குத் தனியா எவ்வளவும்மா?"

வாலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. கடை வாசலில் 'டிசைன் இலவசம்' என்று பலகை தொங்குகிறது. அதையும் அவள்தான் இலவசமாகப் போட்டுக் கொடுத்தாள். பிரிண்டுக்குச் சதுர அடிக் கணக்கு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பழக்கதோஷத்தில் போர்டின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, ஒரு தொகையைச் சொல்லிவிட்டாள். அவளுடைய ஒரு நாள் சம்பளம்கூடத் தேறாது.

"அவ்வளவுதானா?" என்றார் அவர். மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பணத்தைக் கல்லாவில் போட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. மூன்று நாள் மூளையைக் கசக்கியதை, தரைக்கு விரிப்பு விற்கிற மாதிரி அளந்து விற்றிருக்கிறாள்! அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்வரை தன் வாயில் வேறு தொகை வராது என்று அவளுக்குப் பட்டது. அப்படிப் பட்டவுடனே அக்காவின் கால் நினைவுக்கு வந்தது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த அக்கா, பேங்க் தெருமுனையில் நின்றிருந்தாள்.

"அக்கா, வேண்டாம்க்கா. திரும்பிப் போயிடலாம்."

"ஏன்?"

"கணக்கு இடிக்குது. உன் காலைப் பார்த்தா எனக்குப் படிப்பும் ஏறாது."

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் காலை எதுக்கு இழுக்கறே? பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு. நாளைக்கு 'அக்காவுக்காக விட்டேன்'னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவே. அந்தக் கடனை நான் எந்தப் பேங்க்ல போய் அடைக்கறது?"

வாலுவுக்குப் பிடிக்காமலா? கேக் கடைக்காரர் கதையைக் கொட்டித் தீர்த்தாள். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பேரமே பேசலையா? பாவி! அரை மீட்டர் துணிக்கே அரை மணி நேரம் பேசுவாங்களே. எவ்வளவு குறைச்சுச் சொல்லியிருப்பே நீ!" சிரிப்பு வந்துவிட்டது. "விலை சொல்லக் கத்துக்கறதுக்காவது படி. நட, உள்ளே."

கடன் அதிகாரி எதிரே இரண்டு மெத்தை நாற்காலிகள் இருந்தன.

"படிச்சு முடிச்சா மாசம் எவ்வளவு வரும்?"

வாலு அந்தப் பெண் சொன்னதையே சொன்னாள். கூட்டவில்லை.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "பாதி தவணைக்கே போயிடுமே."

"தெரியும் சார். எழுதிக்கோங்க" என்றாள் வாலு.

அக்கா காகிதத்தை இழுத்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி முத்திரை குத்தி, "அவ்வளவுதான், நீங்க கிளம்பலாம்" என்றார்.

வாலு வழக்கம்போலத் துள்ளி எழுந்தாள். அக்கா எழவில்லை. மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றியிருந்தாள்.

"சார், வேற யாரும் வரலைன்னா, கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போறேனே" என்றாள்.

வாலு திரும்பி வந்து, அக்கா பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்துகொண்டாள்.