ஹேமலதாவுக்கு எடுக்காத ரத்தம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில், தோல் செக்கிங் மேசையில் பதினெட்டு வருஷம் நின்றவள் கெங்கம்மாள். ஒரு தடவு தடவினால் போதும், உண்ணி கடித்த வடுகூட அவள் விரலுக்குத் தப்பாது. தன் கழுத்தில் எழும்பிய கட்டியை மட்டும் ஒரு வருஷம் கண்டுகொள்ளாமல் விட்டாள். குரல் கம்மியது, தோல் தூசி என்றாள். நாளுக்கு ஏழெட்டுத் தடவை வயிற்றால் போனது. கேன்டீன் சாம்பாரைத் திட்டினாள். சாம்பார் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வேலூரில் கட்டியில் ஊசி குத்தி, ரத்தமும் எடுத்து, சில வாரம் கழித்து டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார்.

"தைராய்டு கேன்சர்ல பல ரகம் இருக்கும்மா. நெறைய பேருக்கு வர்றது பாப்பில்லரி. மெதுவா வளரும், ஆபரேஷன் பண்ணா பெரும்பாலும் சரியாய்டும். உங்களுக்கு வந்தது மெடுல்லரி. வயித்தால போறதும் அதனாலதான். இது பரம்பரையா வர்ற வகைன்னு டெஸ்ட்ல தெரியுது. பிள்ளைங்களுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. அந்தக் கோளாறு அவ ரத்தத்துலயும் இருந்தா, கட்டி வர்றதுக்கு முன்னாடியே தைராய்டை எடுத்துடலாம்."

கெங்கம்மாளுக்கு ஒரே மகள், ஹேமலதா. புருஷன் போன பிறகு ஒண்டியாக வளர்த்த பெண். அடுத்த மாதம் கல்யாணம்; குடியாத்தத்து மாப்பிள்ளை. பெண்ணுக்குக் கேன்சர் டெஸ்ட் என்று காதில் விழுந்தால் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கல்யாணம் முடியட்டும் என்றாள். முடிந்தது. தலை ஆடி போகட்டும் என்றாள். அதுவும் போனது. ஆபரேஷன் ஆன தன் கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, சாதாரணக் கட்டிதான் என்று எல்லோரிடமும் சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளே பாதி நம்பிவிட்டாள்.

கார்த்திகையில் ஹேமலதா வந்தாள். தலை வாரிவிடும்போது கெங்கம்மாளின் விரல் மகளின் கழுத்தோரம் பட்டு நின்றது. கோலிக்குண்டு அளவு, கெட்டியாக.

"இன்னாம்மா, நிறுத்திட்டே?"

"எச்சில் முழுங்கு."

கட்டி மேலேறி இறங்கியது, டாக்டரம்மா முழுங்கச் சொல்லிப் பார்த்தபோது தன் கட்டி ஏறி இறங்கியது போலவே. கெங்கம்மாள் சீப்பைக் கீழே வைத்தாள். டாக்டரம்மா சொன்ன எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

ஹேமலதா திரும்பாமலே கேட்டாள். "உனக்கு எப்போம்மா தெரியும்?"

"உன் கல்யாணத்துக்கு முன்னாடியே."

"அப்பவே எடுத்திருந்தா?"

பெற்றவளே இப்படிச் செய்துவிட்டோமே என்று கெங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஹேமலதா அழவில்லை. அடிவயிற்றில் கையை வைத்தாள்.

"உன்கிட்ட சொல்லத்தான் வந்தேன். நாப்பத்தஞ்சு நாள் ஆவுது. இதுக்கும் பாதிக்குப் பாதியா?"